அம்மாவிடம் சொல்லாத வேலை: ஒரு ரிக் புத்தகமும் அதன் ஓரக் குறிப்புகளும்

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையை ரிக் என்பார்கள். நான் வேலை பார்த்த ரிக்கின் டீவி அறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதில் சுமார் இருபது புத்தகங்கள் கிடக்கும். யாராவது கொண்டுவந்து படித்துவிட்டு, திரும்பிப் போகும்போது பையில் எடை கூடுகிறதே என்று விட்டுப்போனவை. ஹெலிகாப்டரில் ஏறும் முன் ஆளையும் பையையும் சேர்த்து எடை போடுவார்கள் என்பதால் புத்தகங்கள்தான் முதலில் இறங்கும். அந்த இருபதில் ஒன்றுக்கு மட்டும் அட்டை கிடையாது. அதன் முதல் பக்கத்திலேயே கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை இருக்கும். பக்க ஓரங்களில் பென்சிலாலும் பேனாவாலும், ஓரிடத்தில் பைப்புக்கு எண் போடும் பெயின்ட் மார்க்கராலும் பலர் எழுதி வைத்திருந்தார்கள். ‘உண்மை’. ‘பொய்’. ‘எனக்கும் நடந்தது’. ‘இந்த ஆளை எனக்குத் தெரியும்’. எல்லாம் ஆங்கிலத்தில், வேறு வேறு கையெழுத்துகளில்.

அது பால் கார்ட்டரின் ‘டோன்ட் டெல் மம் ஐ வொர்க் ஆன் தி ரிக்ஸ்’. ஆஸ்திரேலியாவின் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் 2005-ல் வெளியிட்ட புத்தகம். தலைப்பு அதோடு முடியவில்லை. முழுத் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நான் ரிக்கில் வேலை பார்ப்பதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், ஏதோ விபச்சார விடுதியில் பியானோ வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்’ என்று வரும். அதாவது, அந்த வேலைகூட அம்மா மனதுக்கு ரிக்கைவிடப் பரவாயில்லையாம். இந்த வாக்கியம் கார்ட்டர் கண்டுபிடித்ததல்ல. எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்ப்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவது. 1979-லேயே பிரான்ஸில் ஒரு விளம்பரத் துறைக்காரர் இதே நகைச்சுவையைத் தன் தொழிலுக்குப் பொருத்தித் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். ஆனால் எங்கள் வேலைக்குத்தான் இது சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பதினான்கு வருடம் ரிக்கில் இருந்தேன். டெக்கில் சாமான் தூக்கும் ரௌஸ்டபவுட்டாகச் சேர்ந்து, டெரிக் என்னும் இரும்புக் கோபுரத்தின் மேல் நின்று வேலை பார்க்கும் டெரிக்மேன் ஆகி, துளையிடுவதை நடத்தும் டிரில்லருக்கு அடுத்த ஆளான உதவி டிரில்லராக வெளியே வந்தேன். இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் வீட்டில். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கரைக்கு வந்தபிறகு அந்த அட்டையில்லாப் புத்தகத்தின் புதிய பிரதி ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தேன். ரிக் வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நினைவுக் குறிப்புகள் வேறு சிலவும் படித்திருக்கிறேன். இந்த வகையில் யாருக்காவது ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

முதலில் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கார்ட்டர் ஒப்பந்த ஊழியராக நாடு நாடாகப் போனவர். வடகடல், மத்திய கிழக்கு, போர்னியோ, சுமத்ரா, வியட்நாம், தாய்லாந்து, துனிசியா, நைஜீரியா, கொலம்பியா, ரஷ்யா என்று பட்டியல் நீளும். அவரை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். பிணைக்கைதியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆசியாவில் வயிற்றுக்கடுப்பால் சாகும் நிலைக்குப் போயிருக்கிறார், ரஷ்யாவில் பல்வலியால். காட்டு நடுவே ஒரு டெக்சாஸ்காரர் புத்தி தடுமாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். ஒரு சரக்குக் கப்பலில் ஓர் உராங்குட்டான் அவருக்கு மதுக்கோப்பை கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எலிக்கும் தேளுக்கும் சண்டை மூட்டி விட்டதில் எலியின் பக்கம் பணம் கட்டித் தோற்றிருக்கிறார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எங்கள் பிரதியில் ஒருவர், ‘எலி மேல் எவன் பணம் கட்டுவான்?’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில், ‘நான் கட்டினேன்.’

பல்வலி வரும் பக்கத்தில் மூன்று பேர் தனித்தனியாக ‘உண்மை’ என்று எழுதியிருந்தார்கள். வெளியே இருப்பவர்கள் இதை மிகைப்படுத்தல் என்று நினைக்கலாம். ரிக்கில் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். ஆனால் பல் பிடுங்க அவரால் முடியாது. அதனால்தான் பல இடங்களில் கடலுக்கு அனுப்பும் முன் பல்லையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். எனக்கே ஒருமுறை கடைவாய்ப் பல் வீங்கி, மூடுபனியால் ஹெலிகாப்டர் தொடர்ந்து ரத்தாகி, ஐந்து நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஷிஃப்ட் பார்த்தேன். அந்த ஐந்து நாளும் என்னோடு வேலை பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு சைகையில் பேசினார்கள், நான் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பக்கத்துக்கு நான்காவது ‘உண்மை’ என்னுடையது.

கார்ட்டர் கதை சொல்லும் விதம் மிக வேகமானது. ஒரு கதைக்குள் இரண்டே பத்தியில் உங்களை இறக்கிவிடுவார். ஆளை வருணிக்க நேரம் எடுப்பதில்லை. ஒருவர் என்ன கையில் வைத்திருந்தார், என்ன சொன்னார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுகிறார். தன் பயத்தை மறைப்பதில்லை. கெட்ட வார்த்தைகள் ஏராளம். ரிக்கில் அப்படித்தான் பேசுவார்கள், அதை வடிகட்டியிருந்தால் புத்தகம் பொய்யாகியிருக்கும். அதனால் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். குடியும் நிறைய வருகிறது. இரவு வேலை முடித்துத் தூக்கம் வராமல் கிடக்கும்போது பத்து நிமிடம் படிக்க ஏற்ற புத்தகம் இது. அட்டை பிய்ந்துபோகும் வரை கைமாறியதற்குக் காரணமும் அதுதான்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன்.

ரிக்கில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ரிக்கோடு சேர்ந்தவர்கள் ஒரு வகை: டிரில்லர், டெரிக்மேன், பைப்பைக் கையாளும் ரஃப்நெக், கிரேன் ஓட்டுபவர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையல்காரர். ரிக் எங்கே போகிறதோ இவர்களும் அங்கே. இன்னொரு வகை சர்வீஸ் ஆட்கள். கிணற்றின் சுவர் இடியாமல் காக்கும் கேசிங் பைப்பை உள்ளே இறக்க, சிமென்ட் பாய்ச்ச, கருவி விட்டு அளக்க என்று ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வருவார்கள். முடிந்ததும் அடுத்த நாட்டுக்கு. அவர்கள் வாழ்க்கையில் பாதி காத்திருப்பதிலும் பயணத்திலும் போகும். கார்ட்டர் இப்படி வந்துபோனவர். அவருக்குக் கதை கிடைப்பதும் அங்கேதான்: விமான நிலையத்தில், விடுதியில், போகிற வழியில், வேலை தொடங்கக் காத்திருக்கும்போது. அவருடைய நகைச்சுவை ஒரு பயணியின் நகைச்சுவை. புது ஊர், புது ஆள், புது ஆபத்து.

ரிக்கோடு இருப்பவர்களின் சிரிப்பு வேறு மாதிரி. அதே நூறு முகங்கள், அதே நான்கு சுவர், அதே சைரன் சோதனை. அங்கே ஒரு நகைச்சுவை இருபத்தெட்டு நாளும் உயிரோடு இருந்தாக வேண்டும். மெதுவாக வளரும். இரண்டு உதாரணம் சொல்கிறேன், அப்போதுதான் நான் என்ன கேட்கிறேன் என்று புரியும்.

துளையிடும் வேலை நடக்கும் தளமான டிரில் ஃப்ளோரின் ஒரு பக்கத்தில் ‘வி-டோர்’ என்று ஒன்று உண்டு. பெயரில்தான் கதவு. உண்மையில் அது டெரிக்கின் அடியில் ஒரு பக்கம் விட்டிருக்கும் திறப்பு. கீழே டெக்கிலிருந்து பைப்பைச் சரிவில் ஏற்றி அந்த வழியாகத்தான் ஃப்ளோருக்குக் கொண்டுவருவார்கள். புதிதாக வருபவரிடம், “போய் வி-டோர் சாவியை வாங்கிட்டு வா” என்று அனுப்புவது எண்ணெய்த் தொழிலில் பல தலைமுறையாக நடக்கும் விளையாட்டு. எங்கள் ரிக்கில் ஒரு பையன் வந்தான். பச்சை ஹெல்மெட், புது பூட்ஸ். டிரில்லர் சாவி வாங்கிவரச் சொன்னார். அவன் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “கிரேன்காரர்கிட்ட கொடுத்தேனே” என்றார். கிரேன்காரர் எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். எலக்ட்ரீஷியன் வெல்டரிடம். வழக்கமாக இந்த இடத்தில் பையனுக்கு விஷயம் புரிந்து, முகம் சிவந்து திரும்பி வருவான். இவன் ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. டிரில்லருக்கே கவலை வந்துவிட்டது. கடைசியில் படியேறி வந்தான், கையில் ஒரு முழ நீளச் சாவியோடு. வெல்டரிடம் கெஞ்சி, கழிவு இரும்புத் தகட்டில் வரைந்து வெட்டி, பல்லெல்லாம் கிரைண்டரால் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, வளையமும் போட்டுக் கொண்டுவந்திருந்தான். டிரில்லரின் முன்னால் நீட்டி, “சாவி இந்தாங்க சார். கதவைக் காட்டுங்க” என்றான்.

அந்தச் சாவி டிரில்லர் அறையின் சுவரில் ஏறியது. நான் வெளியே வரும் வரை அங்கேயே தொங்கியது. மேலதிகாரிகள் யாராவது கரையிலிருந்து பார்வையிட வந்து, இது என்ன என்று கேட்டால், எல்லாரும் முகத்தை மாற்றாமல், “வி-டோர் சாவி” என்பார்கள். தலையாட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு மத்தியானத்தில் பிறந்த நகைச்சுவை வருடக்கணக்கில் வாழ்ந்தது.

இன்னொன்று. எங்கள் கேபினில் நான்கு படுக்கை. இரண்டு பேர் பகல் ஷிஃப்ட், இரண்டு பேர் இரவு. நான் வேலைக்குப் போகும்போது எதிர் ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். நான் வந்து படுக்கும்போது அவர் வேலையில் இருப்பார். நான்கு வருடம் ஒரே கேபினில் இருந்த ஒருவரின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஹெல்மெட்டும் கண்ணாடியும் காது மூடியும் போட்டு ஷிஃப்ட் மாறும்போது தூரத்தில் பார்ப்பதோடு சரி. ஆனால் கண்ணாடியில் ஒட்டும் சின்னச் சீட்டுகளில் பேசிக்கொள்வோம். ‘ஏசி சத்தம் போடுகிறது, ஒரு தட்டு தட்டினால் நிற்கும்.’ ‘தட்டினேன், இப்போது வேறு ராகம்.’ அந்த ஏசியின் ராகங்களுக்கு இருவரும் பெயர் வைத்து, வரிசை எண் கொடுத்து, பதினேழு வரை போனது. ஒருநாள் ஹெலிகாப்டர் நிலையத்தில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக ஒரு சத்தத்தை முனகினார். “ஒன்பதா?” என்றேன். “ஒன்பது” என்றார். அப்படித்தான் நாங்கள் அறிமுகமானோம்.

இந்த மாதிரிச் சிரிப்பு கார்ட்டரின் புத்தகத்தில் குறைவு. அவர் எந்த ரிக்கிலும் அவ்வளவு காலம் உட்காரவில்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘ரிக் வாழ்க்கை’ என்று நம்பி வாங்கும் வாசகர் பாதி வாழ்க்கையைத்தான் பார்க்கிறார். உராங்குட்டானும் துப்பாக்கியும் நினைவில் நிற்கின்றன. வேலை நினைவில் நிற்பதில்லை.

அந்த வேலைக்குள்ளேதான் எவ்வளவு இருக்கிறது! டிரிப்பிங் என்று ஒன்று. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் துளையிடும் பிட் மழுங்கிவிட்டது என்று வையுங்கள். மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பைப் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். மூன்று பைப் சேர்ந்தது ஒரு ஸ்டாண்ட். ஏறத்தாழ இருபத்தெட்டு மீட்டர். கணக்குப் போட்டால் நூற்று நாற்பது ஸ்டாண்டுக்கு மேல் வரும். ஒவ்வொன்றையும் இழுத்து, கழற்றி, டெரிக்குக்குள் நிற்கவைத்து அடுக்க வேண்டும். பிட்டை மாற்றியபின் அதே வரிசையில் திரும்ப உள்ளே இறக்க வேண்டும். டெரிக்மேன் ஃப்ளோரிலிருந்து சுமார் இருபத்தேழு மீட்டர் உயரத்தில், மங்கி போர்டு என்னும் குறுகலான பலகையில், இடுப்பில் பெல்ட்டோடு வெளியே சாய்ந்து பைப்பின் தலையைப் பிடித்து இழுத்து வரிசையில் சொருகுவார். கீழே ரஃப்நெக்குகள் பைப் நழுவாமல் பிடிக்கும் ஸ்லிப் போட்டு, திருகும் பெரிய இடுக்கியான டாங் மாட்டி, பைப்பைக் கழற்றுவார்கள். சில சமயம் உள்ளே தங்கிய மட், அதாவது துளையிடும்போது பாய்ச்சும் சேறு, கழுத்திலிருந்து பூட்ஸ் வரை கொட்டும். ஒரு ஷிஃப்ட் முழுக்க இதேதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு, ஐம்பதாவது ஸ்டாண்டுக்குமேல் மனம் மரத்துப்போகும். மரத்துப்போகும் அந்த நேரத்தில்தான் விரலை இழப்பார்கள். எங்கள் உதவி டிரில்லர் ஒருவர் அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஆரம்பிப்பார்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எழுபத்து மூன்றாம் எண் பைப் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும். மேலே நிற்கும் டெரிக்மேன் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.” மேலே காற்றில் தனியாக நிற்கும் எனக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்லில் கொண்டுவர முடியாது. அவர் சிரிக்கவைக்க மட்டும் அதைச் செய்யவில்லை. அடுத்த பைப் வருகிறது, விழித்திரு என்று சொல்கிறார். பின்னாளில் அவர் நாற்காலிக்கு நான் வந்தபோது நானும் அதையே செய்தேன். ரிக் நகைச்சுவையின் வேர் இங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். களைப்பிலும் பயத்திலும் ஒருவரை ஒருவர் விழிப்பாக வைத்திருக்கும் வழி அது. இதைச் சொல்லும் புத்தகத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இந்த வகைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காகித வேலையைக் கிண்டல் செய்வது. பாதுகாப்புக் கூட்டம், அனுமதிச் சீட்டு, கையெழுத்து, இன்னொரு கையெழுத்து. பழைய ஆட்களுக்கு இது பிடிக்காது, கதைகளில் இதைப் போட்டுத் தாளிப்பார்கள். நானும் முதல் வருடம் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். பிறகு ஒரு பயிற்சியில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்த விபத்தை நாள் முழுக்க உட்கார்ந்து படித்தோம்.

1988 ஜூலை 6, வடகடல். ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். ஷிஃப்ட் முடியும்போது வேலை முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டில் பம்ப்பை இயக்குபவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு மற்ற பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. மேடையில் இருந்த 226 பேரில் உயிரோடு வந்தவர்கள் 61 பேர். மீட்கப் போன படகில் இருந்த இருவரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள். 1990-ல் வெளிவந்த கல்லன் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பிய அனுமதிச் சீட்டுகள் இன்று இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு அந்த இரவு ஒரு பெரிய காரணம்.

அன்றிலிருந்து ஷிஃப்ட் மாறும்போது நான் அந்தச் சீட்டை எதிர் ஷிஃப்ட்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் கொடுப்பேன். காகிதத்தைக் கிண்டல் செய்யும் பக்கம் வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கார்ட்டர் ஆபத்தை மறைக்கும் எழுத்தாளர் அல்ல. ஆனாலும் இந்த வகையைப் படிக்கும் இளைஞர்கள், விதியை மதிக்காதவன்தான் வீரன் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எங்கள் அட்டையில்லாப் பிரதியின் கடைசி வெற்றுப் பக்கத்தில் யாரோ பெரிய எழுத்தில், ‘சிரி. அப்புறம் பெல்ட்டை மாட்டு’ என்று எழுதியிருந்தார். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்களில் பெண்கள் அநேகமாக இல்லை. போகிற நாட்டின் மனிதர்கள் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார்கள். நான் இருந்த கடைசி ஆறு வருடங்களில் எங்கள் ரிக்கில் மட் லாகிங் பார்க்க ஒரு பெண் வருவார். கிணற்றிலிருந்து வரும் கல்துகளை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று சொல்பவர். அந்த ரிக்கிலேயே கதை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பிடி மண்துகளை வைத்துக்கொண்டு, இது எந்தக் கடலின் அடியில் எத்தனை கோடி வருடத்துக்கு முன் படிந்தது என்று ஆரம்பித்து, துளையிடும் வேலைக்குப் பொறுப்பாளரான டூல்புஷர் அன்று காலை போட்ட சண்டையில் கொண்டுவந்து முடிப்பார். அவர் எழுதினால் முதல் பிரதி எனக்கு.

கார்ட்டரின் இரண்டாவது புத்தகம் 2007-ல் வந்த ‘திஸ் இஸ் நாட் எ டிரில்’. ஆங்கிலத்தில் ‘டிரில்’ என்றால் துளையிடுவதும் ஆகும், அவசர காலப் பயிற்சியும் ஆகும். அந்த இரட்டை அர்த்தம் தமிழில் வராது. இதையும் படித்தேன். முதல் புத்தகத்தின் பாய்ச்சல்தான், ஆனால் எனக்கு முதலாவதே பிடித்தது. அதன்பின் அவர் பயோடீசல் பைக்கில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்ததை எழுதினார். அது வேறு கதை.

அந்தத் தலைப்பு என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ‘இது பயிற்சி அல்ல’ என்பதை நான் ஒலிபெருக்கியில் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். நடு இரவு. வாயு எச்சரிக்கை. வாரா வாரம் பயிற்சிக்குப் போகும் அதே படி, அதே லைஃப் போட் நிலையம். ஆனால் யாரும் பேசவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டும்போது என் பக்கத்தில் இருந்தவரின் கை நடுங்கியது. பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணினார்கள். ஒருவர் குறைந்தார். அந்த அரை நிமிடம்போல நீண்ட நேரத்தை நான் அறியேன். அப்போது படியில் தடதடவென்று எங்கள் வயதான மெக்கானிக் வந்தார். லைஃப் ஜாக்கெட் சரியாக மாட்டியிருக்கிறார், ஹெல்மெட் இருக்கிறது, கக்கத்தில் ஒரு தலையணை. பொறுப்பாளர் முறைத்தார். “போன தடவை பயிற்சியில அந்த சீட்டுல உட்கார்ந்து முதுகு போயிடுச்சு. இன்னைக்கு எவ்வளவு நேரமோ” என்றார் மெக்கானிக், முழு அக்கறையோடு. அவ்வளவுதான். ஐம்பது பேர் சிரித்தோம். கை நடுங்கியவரும் சிரித்தார். நாற்பது நிமிடத்தில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். எல்லாரும் படுக்கைக்குத் திரும்பினோம். தலையணைக்காகத் திரும்பிப் போனதற்கு மறுநாள் அவருக்குக் கண்டிப்பான எச்சரிக்கை கிடைத்தது. அது நியாயம்தான். அடுத்த மாதம் அந்த சீட்டுகளுக்குப் புது மெத்தை வந்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்தபோது நானும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். சாட்டிலைட் போனில் பேசும்போது பின்னால் இரைச்சல் கேட்டால் ஜெனரேட்டர் என்பேன். இரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு லீவில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. “கணக்கு எழுதுற கையாடா இது?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுமுறை கிளம்பும்போது பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று இருந்தது.

கார்ட்டரின் புத்தகத்தை இந்த வருடம் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சாயங்காலம் ஒரு கதை என்று, கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு. உராங்குட்டான் கதைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிணைக்கைதி கதைக்குச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரே கேள்விதான்: “உனக்கும் இப்படி நடந்துச்சா?” துப்பாக்கி, இல்லை. தேள், இல்லை. பல்வலி, ஆமாம். என் புதிய பிரதியின் ஓரத்தில் என் பதிலுக்கு ஏற்பப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பிறகு இரண்டாவது புத்தகத்தை எடுத்தேன். தலைப்புக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படி ஒரு ராத்திரி உனக்கு வந்துச்சா?” என்றார்.

இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். சைரன், படி, எண்ணிக்கையில் குறைந்த ஒருவர், தலையணை. தலையணை வந்த இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அந்தத் தலையணைக்காரர் இப்ப நல்லா இருக்காரா?”

“இருக்கார்மா.”

“முதுகு?”

“அதுவும் பரவாயில்லையாம்.”

“சரி, அடுத்ததைப் படி” என்றார்.